பெண் வழி வந்த மணிமுடி



ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், அவருடைய நாடகங்களின் முதல் பெருந்தொகுதி அச்சேறியது. அதில் பத்து நாடகங்களை ‘வரலாறுகள்’ என்று தனியே பிரித்து வைத்தார்கள். ஜான், இரண்டாம் ரிச்சர்ட், நான்காம் ஹென்றி, ஐந்தாம் ஹென்றி, ஆறாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்ட், எட்டாம் ஹென்றி. சில அரசர்களுக்கு இரண்டு மூன்று பாகங்கள். பத்துத் தலைப்பிலும் அரசர் பெயர்தான். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. நான் இன்று பேச வந்திருப்பது அந்த அரசர்களின் தாய்மாரையும் மனைவியரையும் பற்றி. அவர்களுக்காக இரக்கம் கேட்கவும் வரவில்லை, வீராங்கனைப் பட்டம் சூட்டவும் வரவில்லை. இந்த நாடகங்களில் அரசுரிமை மீண்டும் மீண்டும் பெண்கள் வழியாகவே இறங்கி வருகிறது. ஆனால் எந்தப் பெண்ணிடமும் அது தங்குவதில்லை. தன் கை வழியே போகும் ஒன்றைத் தான் வைத்துக்கொள்ள முடியாத ஒருத்தி என்ன செய்வாள்? இந்தக் கேள்வியோடு படித்தால் பத்து நாடகங்களும் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன.

‘ஐந்தாம் ஹென்றி’யின் தொடக்கத்தில் கேன்டர்பரி பேராயர் ஒரு நீண்ட உரை ஆற்றுகிறார். மேடையில் பெரும்பாலும் வெட்டிச் சுருக்கப்படும் உரை. பெண் வழியாக அரசுரிமை இறங்காது என்று சொல்லும் சாலிக் சட்டத்தைக் காட்டி, ஹென்றிக்குத் தங்கள் நாட்டில் உரிமையில்லை என்று பிரெஞ்சுக்காரர்கள் வாதிடுகிறார்கள். பேராயர் அதை மறுக்கிறார். அந்தச் சட்டம் ஜெர்மன் நிலத்துக்கு உரியது, பிரான்சுக்கு அல்ல என்கிறார். பிரெஞ்சு அரசர்களே தாய்வழி உரிமை கொண்டாடியதை எடுத்துக்காட்டுகிறார். ஆண் வாரிசு இல்லாதபோது சொத்து மகளைச் சேரும் என்பதற்கு விவிலியத்தின் எண்ணாகமத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். இத்தனை பாடும் ஒரு பெண்ணுக்காக. ஹென்றியின் கொள்ளுத்தாத்தாவான மூன்றாம் எட்வர்டின் தாய் இசபெல்லா, பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் மகள். அந்த ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் ஹென்றி கடல் கடந்து படையெடுக்கிறான்.

சரி, அதே ஹென்றி இங்கிலாந்தில் எந்த உரிமையில் அமர்ந்திருக்கிறான்? மூன்றாம் எட்வர்டின் மூன்றாவது மகன் லயனல். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. பிலிப்பா என்று ஒரே மகள். நான்காவது மகன் ஜான் ஆஃப் கான்ட், நம் ஹென்றியின் தாத்தா. பெண் வழி உரிமை செல்லும் என்றால், இங்கிலாந்தின் முடி பிலிப்பா வழிவந்த மார்ட்டிமர் குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டும். செல்லாது என்றால் பிரான்சில் ஹென்றிக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது. பிரான்சில் பெண் வழி வேண்டும், இங்கிலாந்தில் பெண் வழி கூடாது. இந்த முரண்பாட்டின் மேல்தான் ஷேக்ஸ்பியரின் மிகப் புகழ்பெற்ற வெற்றி வேந்தன் நிற்கிறான்.

ஷேக்ஸ்பியருக்கு இது தெரியாமல் இல்லை. அதே நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், சதிக் குற்றத்துக்காக மரணத் தண்டனை பெறும் கேம்பிரிட்ஜ் பிரபு, பிரெஞ்சுப் பொன் மட்டுமே தன்னைத் தூண்டவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். வேறு என்ன தூண்டியது என்று நாடகம் சொல்லவில்லை. 1415இல் சவுத்தாம்ப்டனில் தலை இழந்த அந்தக் கேம்பிரிட்ஜ் மணந்திருந்தது ஆன் மார்ட்டிமரை; பிலிப்பாவின் பேத்தியை. அவர்களுடைய மகன்தான் பிற்காலத்தில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் ஒரு தரப்புக்குத் தலைமை தாங்கிய யார்க் டியூக் ரிச்சர்ட். ‘ஆறாம் ஹென்றி’யின் இரண்டாம் பாகத்தில் அவன் சாலிஸ்பரியையும் வார்விக்கையும் தனியே அழைத்து, பிலிப்பா, ஆன் என்று அந்த வம்சக் கொடியை விரித்துக் காட்டுகிறான். கேட்டு முடித்ததும் இரண்டு பிரபுக்களும் அவன் முன்னே மண்டியிடுகிறார்கள். முப்பது ஆண்டுப் போர் இரண்டு பெண்களின் பெயரில் தொடங்குகிறது. அந்த இருவரும் மேடைக்கு வருவதே இல்லை.

மேடைக்கு வந்தவர்களில் முதலில் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட். என் பேச்சின் பெரும்பகுதி அவளுக்குத்தான்.

‘ஆறாம் ஹென்றி’யின் மூன்று பாகங்கள், அதன் தொடர்ச்சியான ‘மூன்றாம் ரிச்சர்ட்’ ஆகிய நான்கு நாடகங்களிலும் உயிரோடு நடமாடும் முதன்மைப் பாத்திரம் அவள் ஒருத்திதான். முதல் பாகத்தின் முடிவில் சிறைப்பட்ட இளம்பெண்ணாக வருகிறாள். நான்காவது நாடகத்தில் எல்லாம் இழந்த கிழவியாக வந்து நிற்கிறாள். ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் இப்படித் தொடர்ந்து எழுதிக்காட்டும் வாய்ப்பு அந்தக் கால மேடையில் அரிது. அந்த மேடையில் பெண் வேடங்களைப் போட்டவர்கள் பதின்வயதுப் பையன்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சீதனம் கொண்டுவரவில்லை. அவளை அடைவதற்காக இங்கிலாந்து அன்ஜூ, மெய்ன் என்ற இரண்டு நிலப்பகுதிகளை அவளுடைய தந்தைக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்த ஒப்பந்தத்தை அவையில் வாசிக்கும் குளாஸ்டர் டியூக் ஹம்ஃப்ரி, பாதியிலேயே காகிதத்தை நழுவவிடுகிறான். நாட்டுக்கு நட்டம் என்ற கணக்கில்தான் அவள் பெயர் முதன்முதலில் அவையேறுகிறது. புகுந்த இடத்தில் கணவன் ஜெபமாலையும் கையுமாக இருக்கிறான். ஆட்சி அவனுடைய சித்தப்பனிடம் இருக்கிறது. சித்தப்பனின் மனைவி எலினோரின் ஆடம்பரம் அரசியை விஞ்சி நிற்கிறது. மார்கரெட் அவளை அவையில் கன்னத்தில் அறைகிறாள். உண்மையில் இந்த இரு பெண்களும் சந்தித்ததே இல்லை. எலினோர் சூனியக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டது 1441இல். மார்கரெட் திருமணமாகி இங்கிலாந்து வந்தது 1445இல். ஷேக்ஸ்பியர் காலத்தை மடக்கி இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அதிகாரம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன எலினோர், கையில் மெழுகுவத்தியோடு வெறுங்காலில் லண்டன் தெருவில் நடக்கிறாள். கணவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மார்கரெட்டுக்கு வரப்போவதற்கு அது முன்னோட்டம். ஆனால் மார்கரெட் அதைத் தன் வெற்றியாகத்தான் எடுத்துக்கொள்கிறாள்.

மூன்றாம் பாகத்தின் முதல் காட்சிக்கு வருவோம். யார்க் படையோடு வந்து அரியணையில் அமர்ந்துவிடுகிறான். ஹென்றி பேரம் பேசுகிறான்: தான் உயிரோடு இருக்கும்வரை அரசனாக இருந்துகொள்வதாகவும், பிறகு முடி யார்க்குக்கும் அவன் வாரிசுகளுக்கும் போகட்டும் என்றும் ஒப்புக்கொள்கிறான். பெற்ற மகன் பக்கத்திலேயே இல்லை. அவனைக் கேட்காமலே அவன் உரிமை போய்விட்டது. மார்கரெட் மகனை அழைத்துக்கொண்டு வந்து கேட்கும் கேள்விகளுக்கு ஹென்றியிடம் பதில் இல்லை. தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறான். மகன் உரிமை திரும்பக் கிடைக்கும்வரை உன்னோடு ஒரே மேசையில் அமரமாட்டேன், ஒரே படுக்கையில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் படை திரட்டப் போகிறாள்.

இந்தக் கட்டத்தில் ஷேக்ஸ்பியர் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1453 ஆகஸ்டில் ஆறாம் ஹென்றி மனநலம் குன்றி, பேச்சுமூச்சற்ற நிலைக்குப் போனார். அக்டோபரில் மகன் எட்வர்ட் பிறந்தான்; குழந்தையைக் கையில் கொடுத்தபோதும் தந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. 1454 தொடக்கத்தில் மார்கரெட் தன்னை ஆட்சிப் பொறுப்பாளராக்கும்படி எழுத்து மூலம் கோரிக்கை வைத்தார். பிரபுக்கள் மறுத்தார்கள், அந்த ஆண்டு மார்ச்சில் பொறுப்பு யார்க் டியூக்குக்குப் போனது. பிரான்சில் அரசியர் ஆட்சிப் பொறுப்பு வகிப்பது அவர் கண்டு வளர்ந்த வழக்கம். அதைத்தான் முறைப்படி கேட்டார். படையை எடுத்தது அதற்கெல்லாம் பிறகு. நாடகத்தில் அரசனின் நோயும் இல்லை, கோரிக்கையும் இல்லை, மறுப்பும் இல்லை. அதனால் மேடையில் மார்கரெட்டைப் பார்க்கிறவர்களுக்கு, அவள் பிறவியிலேயே போர்வெறி பிடித்தவள் என்று தோன்றுகிறது. சட்டத்தின் கதவைத் தட்டிப் பார்த்தவர் அவர் என்பது தெரியாமலே போய்விடுகிறது. ஷேக்ஸ்பியர் வரலாற்றில் செய்த மாற்றங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அடுத்த மாற்றம் இதைவிடக் கடுமையானது. 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் யார்க் கொல்லப்பட்டபோது மார்கரெட் அங்கே இல்லை. ஸ்காட்லாந்தில் உதவி தேடிக்கொண்டிருந்தார். நாடகமோ அவளைக் களத்தின் நடுவே நிறுத்துகிறது. பிடிபட்ட யார்க்கை ஒரு மேட்டில் ஏற்றி, காகிதக் கிரீடம் சூட்டி, அவனுடைய இளைய மகன் ரட்லண்டின் இரத்தத்தில் தோய்ந்த துணியைக் கண்ணீர் துடைக்கக் கொடுக்கிறாள். யார்க் அவளை ஓநாய் என்கிறான், பெண் தோல் போர்த்த புலி என்கிறான். அந்தப் பேச்சு அக்காலத்திலேயே எவ்வளவு பரவியது என்றால், 1592இல் வெளிவந்த ராபர்ட் கிரீனின் பிரசுரம் அதே வரியைத் திருப்பிப்போட்டு ஷேக்ஸ்பியரையே தாக்கியது.

அந்தக் காட்சியில் மார்கரெட் செய்வது கொடுமைதான். அதை நியாயப்படுத்த நான் முயலமாட்டேன். ஆனால் யார்க்கின் வசையைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். குழந்தையைக் கொன்றதற்காக மட்டும் அவன் அவளைத் திட்டவில்லை. பெண் மென்மையாக இருக்க வேண்டும், நீ அப்படியில்லை என்றும், உன் அப்பன் ஏழை என்றும் திட்டுகிறான். அதே நாடகத்தில் ரட்லண்டைத் தன் கையால் குத்தியவன் கிளிஃபர்ட். இறக்கும்போது அந்தச் சிறுவன் அவனுக்கு ஒரு சாபம் கொடுக்கிறான். அதில் கிளிஃபர்ட் ஆண்மை தவறியவன் என்ற சொல் இல்லை. ஆணின் கொடுமை போர். பெண்ணின் கொடுமை இயற்கைக்கு மாறானது. இந்த இரட்டை அளவுகோல் நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. இதை வெளியிலிருந்து யாரும் கொண்டுபோகவில்லை.

1471 டியூக்ஸ்பரி போரில் எல்லாம் முடிகிறது. போருக்கு முன் படையினரிடம் மார்கரெட் பேசும் பேச்சு, எந்த அரசனுடைய போர்ப் பேச்சுக்கும் குறைந்ததல்ல. பாய்மரம் முறிந்த கப்பலையும் மாலுமி கைவிடக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு அவள் கண் முன்னால் மகனை யார்க்கின் மகன்கள் மூவரும் மாறி மாறிக் குத்துகிறார்கள். என்னையும் கொன்றுவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறாள். அவர்களில் இளையவன் ரிச்சர்ட் கத்தியை ஓங்குகிறான், மூத்தவன் எட்வர்ட் தடுத்துவிடுகிறான். மகன் இறந்த நொடியில் அவளிடம் அரசியல் என்று எதுவும் மிச்சமில்லை. அவளைக் கொல்ல வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இல்லை. அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

வரலாற்று மார்கரெட் பிறகு பிரெஞ்சு அரசர் பணம் கொடுத்து மீட்க, பிரான்சுக்குப் போய் 1482இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான் ரிச்சர்ட் முடி சூடினார். ஆனால் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், அவள் இருக்கவே முடியாத ஒரு அரண்மனையில், அவள் வந்து நிற்கிறாள். வரலாறு அனுப்பி வைத்த ஒருத்தியை ஷேக்ஸ்பியர் திரும்ப அழைத்து வருகிறார். எதற்காக? அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் யார் யாரைக் கொன்றார்கள் என்ற கணக்கை வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

சாபம் கொடுக்கிறாள். கண்ணகியின் சொல்லுக்கு மதுரை எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாபம் என்றால் உடனே நெருப்பாக இறங்கும் என்று எதிர்பார்ப்போம். மார்கரெட்டின் சாபம் அப்படியல்ல. ரிவர்ஸ், கிரே, ஹேஸ்டிங்ஸ், பக்கிங்ஹாம் என்று அந்த அவையின் பிரபுக்கள் சாகிறார்கள். ஆனால் ரிச்சர்டின் ஆணையால், ரிச்சர்டின் கோடரியால். சாகும்போது அவள் சொன்னதை நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வாளும் முத்திரை மோதிரமும் இல்லாதவளுக்கு எஞ்சியிருப்பது, நடந்ததை உரக்கச் சொல்வது.

இவ்வளவு முக்கியமான ஒருத்தியை மேடை என்ன செய்தது தெரியுமா? கோலி சிப்பர் 1700 வாக்கில் இந்த நாடகத்தைத் திருத்தி எழுதியபோது மார்கரெட்டை முழுக்க நீக்கிவிட்டார். அந்தத் திருத்தம்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கில மேடையில் ஓடியது. 1955இல் லாரன்ஸ் ஒலிவியே எடுத்த திரைப்படத்திலும் அவள் இல்லை. 1995இல் இயன் மெக்கெல்லன் நடித்த படத்திலும் இல்லை. ரிச்சர்டின் கவர்ச்சிக்குத் தடையாக இருப்பவள் என்பதால் அவளை எடுத்துவிடுவது எளிதாகிறது. 1963இல் ராயல் ஷேக்ஸ்பியர் குழு இந்த நாடகங்களைத் தொடராக நிகழ்த்தியபோது, 55 வயதான பெகி ஆஷ்கிராஃப்ட் இளம்பெண் முதல் கிழவி வரை மார்கரெட்டாகவே நடித்தார். முழுப் பாதையையும் ஒரே நடிகை கடக்கும்போதுதான் இந்த வரிசையின் முதுகெலும்பு அவள் என்பது புலப்படும்.

நான்காம் அங்கம், நான்காம் காட்சி. மார்கரெட், ரிச்சர்டின் அண்ணன் எட்வர்டின் விதவையான அரசி எலிசபெத், ரிச்சர்டின் தாயான யார்க் சீமாட்டி. மூவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். அதைவிட, ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தியின் பிள்ளை கொன்ற உறவு அவர்களுடையது. தனக்குச் சபிக்கக் கற்றுக்கொடு என்று எலிசபெத் தன் பழைய எதிரியிடம் கேட்கிறாள். மார்கரெட் கற்றுக்கொடுக்கிறாள்: இரவில் தூங்காதே, பகலில் உண்ணாதே, இறந்த குழந்தைகளை இருந்ததைவிட அழகாக நினை, கொன்றவனை அவன் இருப்பதைவிட அருவருப்பாக நினை. சொல்லிவிட்டு பிரான்சுக்குக் கிளம்பிவிடுகிறாள். அப்போது ரிச்சர்ட் படையோடு வருகிறான். பெண்கள் வழிமறித்துக் கேட்கிறார்கள். அவன் முரசையும் ஊதுகொம்பையும் முழங்கச் சொல்கிறான், அவர்கள் குரல் கேட்காமல் இருப்பதற்காக. மூன்று நாடகங்களாக வாளுக்கு அஞ்சாத ஒருவன் இரண்டு பெண்களின் பேச்சுக்கு முரசை அடிக்கச் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

பிறகுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரிச்சர்ட் எலிசபெத்தைத் தனியே அழைத்து, அவள் மகளைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்கிறான். அவளுடைய இரண்டு சிறுவர்களைக் கொன்றவன், அவர்களுடைய அக்காளைப் பெண் கேட்கிறான். முதல் அங்கத்தில், மார்கரெட்டின் மகனுடைய விதவையான ஆன் என்பவளை அவள் மாமனாரின் பிணத்தருகே மயக்கிய அதே நாக்கு. ஆனால் எலிசபெத் சபிக்கவில்லை. கற்ற பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறாள். எந்தச் சொல்லால் என் மகள் மனதைக் கவர்வாய்? அவள் தம்பிகளின் கதையைச் சொல்லியா? ரிச்சர்ட் சத்தியம் செய்யத் தொடங்குகிறான். மணிமுடிமேல் என்கிறான், அதைத் திருடினாய் என்கிறாள். உலகத்தின்மேல், தந்தையின் மரணத்தின்மேல், தன்மேல், கடவுள்மேல். ஒவ்வொன்றையும் அவள் தட்டிவிடுகிறாள். கடைசியில் எதிர்காலத்தின்மேல் என்கிறான்; நடந்து முடிந்ததில் அதையும் கெடுத்துவிட்டாய் என்கிறாள். அவனுக்குச் சத்தியம் செய்ய உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. முடிவில், மகளிடம் பேசுகிறேன், கடிதம் எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் போனதும் ரிச்சர்ட், மனம் மாறும் முட்டாள் பெண் என்று ஏளனம் செய்கிறான். அடுத்த காட்சியிலேயே நமக்குச் செய்தி வருகிறது: எலிசபெத் மகளை ரிச்சர்டின் எதிரியான ரிச்மண்டுக்குக் கொடுக்க மனமார ஒப்புக்கொண்டாள். ஆட்டத்தில் தோற்றவன் யார் என்று ரிச்சர்டுக்குக் கடைசிவரை தெரியாது. பெண்ணின் மனம் நிலையற்றது என்ற அவனுடைய நம்பிக்கைதான் அவனை வீழ்த்தியது.

அந்த மகள், யார்க்கின் எலிசபெத், மேடைக்கு வருவதில்லை. அவள் திருமணம்தான் போரை முடிக்கிறது. அவளுக்கு ஒரு வரி வசனம் இல்லை. ரிச்மண்டின் தாய் மார்கரெட் போஃபர்ட்டும் வருவதில்லை. பதின்மூன்று வயதில், கணவனை இழந்த நிலையில், அவர் பெற்ற ஒரே பிள்ளைதான் பின்னாளில் ஏழாம் ஹென்றியான ரிச்மண்ட். அவனுடைய அரசுரிமை வந்ததே அவர் வழியாக. 1483இல் அடைக்கலம் புகுந்திருந்த விதவை அரசி எலிசபெத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு மருத்துவர் வழியாகத் தூது நடந்து, இந்தத் திருமணம் பேசி முடிக்கப்பட்டது. மகனுக்குப் பணமும் செய்தியும் அனுப்பியதற்காக அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அவர்மேல் குற்றம் சுமத்தி, சொத்துகளைக் கணவர் ஸ்டான்லியிடம் ஒப்படைத்தது. நாடகத்தில்? போருக்கு முந்தைய இரவு ஸ்டான்லி வந்து, தாயின் சார்பில் ரிச்மண்டை வாழ்த்துகிறான்; அவள் ஓயாமல் ஜெபம் செய்துகொண்டிருக்கிறாளாம். சதியைத் தீட்டி நடத்திய ஒருவரை நாடகம் பூஜையறையில் உட்கார வைத்துவிட்டது.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. இந்த நாடகங்கள் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்தவர் முதலாம் எலிசபெத். யார்க்கின் எலிசபெத்தின் பேத்தி, மார்கரெட் போஃபர்ட்டின் கொள்ளுப்பேத்தி. ஆளும் அரசியின் பாட்டிமாரைப் பேரம் பேசுகிறவர்களாகவும் சதி செய்கிறவர்களாகவும் மேடையேற்ற எந்த நாடக ஆசிரியனும் துணியமாட்டான். தோற்றவர்களின் பெண்கள் மட்டுமே பேசலாம். மார்கரெட்டுக்கு அத்தனை வசனம் கிடைத்தது அவள் தோற்றதால்தான்.

எளிய பெண்களையும் மறந்துவிடக் கூடாது. ‘நான்காம் ஹென்றி’யில் விடுதி நடத்தும் குவிக்லி, இளவரசனின் தோழன் ஃபால்ஸ்டாஃப் தர வேண்டிய கடனுக்காக வழக்குப் போட்டு, காவலர்களை அழைத்து வந்து மறிக்கிறாள். கடைசியில் அவன் பேச்சுக்கு மயங்கி, தட்டு முட்டுகளை அடகு வைத்து மேலும் கடன் கொடுக்கிறாள். புதிய அரசன் முடிசூடும் நேரத்தில் அவளையும் டால் என்ற பெண்ணையும்தான் காவலர்கள் இழுத்துப்போகிறார்கள். புதிய ஆட்சியின் ஒழுங்கு முதலில் இறங்கியது அவர்கள் தோளில்.

கடைசியாக ‘எட்டாம் ஹென்றி’. 1613இல் ஜான் ஃபிளெட்சருடன் சேர்ந்து எழுதியது. இங்கே அரசி காதரீன் முதலில் வருவதே ஒரு மனுவோடு. குடிமக்கள்மேல் விழுந்த ஆறில் ஒரு பங்கு வரியை நீக்கும்படி அரசன் முன் மண்டியிட்டுக் கேட்டு, வெற்றியும் பெறுகிறாள். மண்டியிட்டுக் கேட்பது அரசிக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே அரசியல். அதை அவள் மக்களுக்காகப் பயன்படுத்துகிறாள். பிறகு அதே மண்டியிடல் விவாகரத்து விசாரணையில் தனக்காக. பயனில்லை என்று தெரிந்ததும் எழுந்து, இந்த நீதிமன்றம் தன்னை விசாரிக்கத் தகுதியற்றது என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். பெயர் சொல்லித் திரும்ப அழைக்கிறார்கள், அவள் திரும்பவில்லை. 1529இல் அந்த விசாரணை நடந்தது லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தில். ஷேக்ஸ்பியரின் குழு பின்னாளில் நாடகம் போட்ட அரங்குகளில் ஒன்று அதே கட்டடத் தொகுதியில்தான் இருந்தது. 1513இல் ஹென்றி பிரான்சில் போரிட்டபோது நாட்டின் பொறுப்பை ஏற்றிருந்தவர் இந்தக் காதரீன். ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்தை வென்ற ஆண்டு அது. மார்கரெட்டுக்கு மறுக்கப்பட்ட அதே பொறுப்பு, அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணிடம் இருந்திருக்கிறது. நாடகம் இதையும் சொல்லவில்லை.

மகன் வேண்டும் என்பதற்காக ஓர் அரசியைத் துரத்திய கதை, ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானத்தில் முடிகிறது. குழந்தை எலிசபெத். தாய் ஆன் பொலின் அந்தக் காட்சியில் இல்லை. பேராயர் கிரான்மர் குழந்தையைப் பார்த்து, இவள் ஆட்சியில் நாடு செழிக்கும் என்று வாக்குச் சொல்கிறார். கடைசியில் ஒரு பெண்ணிடம் முடி தங்கிவிட்டது. ஆனால் வாக்கு அங்கே நிற்காமல் அவளுக்குப் பின் வரும் அரசனிடம் தாவுகிறது. அவள் சாம்பலிலிருந்து பீனிக்ஸ் போல ஒருவன் எழுவான் என்கிறது. அந்த ஒருவன், நாடகம் மேடையேறியபோது ஆண்டுகொண்டிருந்த முதலாம் ஜேம்ஸ். சாம்பலிலிருந்து அவர் எழவில்லை. அவருக்கு இங்கிலாந்தின்மேல் உரிமை வந்தது ஏழாம் ஹென்றியின் மூத்த மகள் மார்கரெட் டியூடர் வழியாக, பிறகு தாய் மேரி வழியாக. அந்த மேரியின் மரண ஆணையில் 1587இல் கையெழுத்திட்டவர், வாக்குப் பெற்ற இந்தக் குழந்தைதான். கிரான்மரின் உரையில் அந்த இரு பெண்களின் பெயரும் இல்லை.